உள்ளான் தேடியவர்களின் குறிப்பேடுகள்

சென்னையின் தெற்கே, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அடையாறு வங்கக் கடலைச் சேரும் கழிமுகம், நகரத்துப் பறவை நோக்கர்களின் முதன்மையான பயிற்சிக்களமாக ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் விளங்கிவருகிறது. உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான், பவளக்காலி, பச்சைக்காலி என்று பல பெயர்களில் அழைக்கப்பட்டாலும், சேற்றிலும் ஆழமற்ற நீரிலும் நடந்து புழுக்களையும் சிறு நண்டுகளையும் மெல்லுடலிகளையும் தேடி உண்ணும் பொதுப் பண்பினால் கரைப்பறவைகள் என்று ஒரே தொகுதியாகக் கருதப்படும் இப்பறவைகளில் பெரும்பாலானவை, சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் இனப்பெருக்கம் முடித்து, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தமிழகக் கரைக்கு வந்து, ஏப்ரல், மே மாதங்களில் திரும்பிச் செல்பவை. குளிர்கால இறகுக்கோலத்தில் ஏறக்குறைய எல்லாமே சாம்பலும் பழுப்புமாகத் தோன்றுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவது பல ஆண்டுப் பழக்கத்தைக் கோருகிறது. அரிதான ஓர் உள்ளானைக் கூட்டத்திலிருந்து கண்டெடுத்துத் தம் பட்டியலில் சேர்ப்பதைப் பறவை நோக்கர்கள் பெரும்பேறாகக் கருதுவதற்கும் இதுவே காரணம்.

ஒருவர் தம் வாழ்நாளில் இயற்கைச் சூழலில் உயிரோடும் சுதந்திரமாகவும் கண்ட பறவையினங்களை வரிசையாக எழுதிவைப்பது வாழ்நாள் பட்டியல் எனப்படும். அதில் புதிதாகச் சேரும் இனத்தை இன்றைய சென்னை ஆர்வலர்கள் லைஃபர் என்கிறார்கள். கூண்டில் இருப்பது கணக்கில் வராது, இறந்து கிடப்பது வராது, பிறர் சொல்லக் கேட்டதும் வராது. இந்த வழக்கத்தைப் பொழுதுபோக்கு என்றோ சேகரிக்கும் வேட்கை என்றோ ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஆயினும் அடையாற்றின் கரையிலும் பள்ளிக்கரணையிலும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் என்னென்ன வாழ்ந்தன, எவை குறைந்தன என்பதற்குக் கிடைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி இத்தகைய தனிமனிதக் குறிப்பேடுகளிலிருந்தே வருகிறது என்பதையும், அந்தக் குறிப்பேடுகளின் மதிப்பு அவற்றிலுள்ள அரிய இனங்களைவிட அவற்றோடு சேர்த்து எழுதப்பட்ட சாதாரணப் பறவைகளைச் சார்ந்தே அமைகிறது என்பதையும் இவ்வழக்கத்தின் வரலாறு காட்டுகிறது.

பறவைகளைப் பட்டியலிடும் முயற்சி சென்னையில் மிகப் பழையது. புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றிய எட்வர்டு பக்லி, பதினேழாம் நூற்றாண்டின் முடிவிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னைப் பறவைகளின் ஓவியங்களை லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். ஜான் ரே எழுதி அவர் மறைவுக்குப் பின் 1713இல் வெளிவந்த பறவை நூலின் பின்னிணைப்பில் அவற்றின் விவரங்கள் இடம்பெற்றன. இந்தியப் பறவைகளுக்கென அச்சேறிய பட்டியல்களில் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று இது. பின்னர் 1789இல் ஜெர்மானியரான குமெலின், நீர்நிலைகளின் ஓரத்தில் வாலை ஆட்டித் திரியும் கருப்பு வெள்ளை வாலாட்டிக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, மதராசப்பட்டினத்தின் பெயரையே அதன் இனப்பெயராக வைத்தார். அடுத்து வந்தவர் தாமஸ் ஜெர்டான். சென்னைப் படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்து 1836இல் இந்தியா வந்த அவர், தீபகற்ப இந்தியப் பறவைகளின் விவரப் பட்டியலைச் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் சஞ்சிகையில் 1839 முதல் தொடராக வெளியிட்டார். 1862 தொடங்கி வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் அடுத்த தலைமுறைக்கு அடிப்படை நூலாயிற்று.

அக்காலத்தில் பறவையைக் கண்டதற்குச் சான்று துப்பாக்கிதான். சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, கிடைத்த இடமும் நாளும் எழுதிய சீட்டைக் காலில் கட்டி வைக்கப்பட்ட உடலே ஆதாரம். வெறும் கண்ணால் கண்டேன் என்பதற்கு அவையில் மதிப்பில்லை. இதை இன்றைய அளவுகோலால் மட்டும் பழிப்பது முறையாகாது, ஏனெனில் கண்ணருகே கொண்டுவரும் நல்ல தொலைநோக்கியும் கைக்கடக்கமான வழிகாட்டி நூலும் அன்று இல்லை. ஆனால் சுடுவதே சான்றாக இருந்த அந்த நூற்றாண்டில், ஆராய்ச்சிக்காகச் சுடுவதும் விளையாட்டுக்காகச் சுடுவதும் ஒன்றோடொன்று கலந்துபோயின என்பதை மறைக்க முடியாது.

அந்தக் கலப்பை உள்ளான் வேட்டையில் தெளிவாகக் காணலாம். சென்னையைச் சுற்றியும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் பரந்திருந்த ஏரிப் பாசன நெல்வயல்கள், செப்டம்பர் முதல் வந்திறங்கும் உள்ளான்களுக்கு உகந்த இடங்கள். சேற்றில் அசையாமல் பதுங்கியிருந்து, காலடிக்கு அருகே திடீரென்று எழும்பி, வளைந்து வளைந்து பறந்து மறையும் இப்பறவையைச் சுட்டு வீழ்த்துவது ஆங்கிலேய அதிகாரிகளிடையே திறமையின் அடையாளமாக எண்ணப்பட்டது. சுட்டவற்றை ஜோடி ஜோடியாக எண்ணி, நாளும் இடமும் குறித்து வேட்டைப் புத்தகத்தில் எழுதுவது அவர்களின் வழக்கம். தனிமனிதர் தமக்கெனப் பறவைக் கணக்கு வைத்துக்கொள்ளும் பழக்கத்தின் ஒரு வேர் இந்த வேட்டைப் புத்தகங்களில் இருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. ஆலன் ஹியூமும் மார்ஷலும் 1879 முதல் 1881 வரை வெளியிட்ட வேட்டைப் பறவைகள் பற்றிய மூன்று தொகுதிகள், நாடெங்கும் இருந்த வேட்டைக்காரர்கள் எழுதி அனுப்பிய செய்திகளைப் பெருமளவு பயன்படுத்திக்கொண்டன.

கையில் எடுத்துப் பார்த்தால் மட்டுமே தெளிவாகும் வேறுபாடுகளை அந்த வேட்டைக்காரர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். தென்னிந்திய வயல்களில் காணப்படும் உள்ளான்களில் விசிறிவால் உள்ளான், ஊசிவால் உள்ளான் என்னும் இரண்டும் முதுகின் கோடுகளிலும் நீண்ட அலகிலும் ஏறத்தாழ ஒன்றே போலிருக்கும். வாலை விரித்தால் மட்டும் உண்மை வெளிப்படும்: விசிறிவால் உள்ளானுக்குப் பெரும்பாலும் 14 வால் இறகுகள், அனைத்தும் சாதாரண அகலம் கொண்டவை, ஊசிவால் உள்ளானுக்கோ 26 அளவில் இறகுகள் உண்டு, அவற்றில் இரு ஓரங்களிலும் இருப்பவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமே உள்ள, விறைப்பான ஊசிகளாக ஒடுங்கியிருக்கும். தொலைநோக்கியோடு நிற்கும் இன்றைய நோக்கருக்கு இந்த வால் தெரிவதில்லை. பறவை எழும்பிப் பறக்கும் ஓரிரு நொடியில் சிறகின் பின்விளிம்பில் வெண்கோடு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் விசிறிவால் என்றும், இல்லையென்றால் ஊசிவாலாக இருக்கலாம் என்றும் அவர் முடிவுக்கு வர வேண்டும். அந்த நொடி தவறினால் குறிப்பேட்டில் உள்ளான் என்று மட்டுமே எழுதிவிட்டு நகர்வதுதான் நேர்மை. நல்ல பட்டியல்களில் இத்தகைய பொதுப்பெயர்ப் பதிவுகள் நிறைய இருக்கின்றன என்பது அவற்றின் நம்பகத்தன்மைக்கே சான்று.

கரைப்பறவைகளோடு உறவுடையதாயினும் கரையை விட்டு முட்காட்டில் வாழும் ஒரு பறவை, தேடலின் கடுமைக்கு எடுத்துக்காட்டாக எப்போதும் சொல்லப்படுகிறது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பா, நெல்லூர்ப் பகுதிகளில் ஜெர்டான் கண்டறிந்து, 1848இல் எட்வர்டு பிளைத் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய ஜெர்டான் கல்குருவி, 1900ஆம் ஆண்டுக்குப் பிறகு பதிவுகளில் வராமல் போய், அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் பரத் பூஷண், உள்ளூர் மக்களின் துணையோடு கடப்பா மாவட்டத்தில் அதை மீண்டும் உறுதிசெய்தார். இரவில் மட்டும் நடமாடும் இப்பறவையைக் கண்ணால் காண்பது மிக அரிது என்பதால், பின்னர் அதை ஆராய்ந்த ப. ஜெகநாதன், சலித்த மண்ணை முட்காட்டில் நீண்ட பட்டைகளாகப் பரப்பி, அதில் பதியும் காலடிகளைக் கொண்டு அதன் இருப்பை அறியும் முறையைக் கையாண்டார். அவரே ஆசை என்பவருடன் இணைந்து எழுதி, க்ரியா வெளியீடாக வந்த பறவைகள் அறிமுகக் கையேடு, தமிழில் மட்டும் படிக்கும் பலரைப் பறவை நோக்கலுக்குக் கொண்டுவந்த நூல்.

துப்பாக்கியிலிருந்து தொலைநோக்கிக்கு மாறியது ஒரே நாளில் நிகழவில்லை. சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வண்ணப் படங்களோடு வந்தபோது, சுடாமலே இனம் காண முடியும் என்னும் நம்பிக்கை சாதாரணப் படிப்பாளிகளுக்கும் வந்தது. 1959-60இல் ஸபர் ஃபத்தேஅலி தொடங்கிய பறவை நோக்கர் செய்தி மடல், எந்த ஊரில் இருந்தாலும் ஒருவர் தாம் கண்டதை எழுதி அனுப்ப இடம் கொடுத்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குச் செய்யப்பட்ட 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் உரிமம் பெற்ற வேட்டையையும் முடிவுக்குக் கொண்டுவந்தன. இதற்கிடையே மயிலாப்பூரில், இன்று ராதாகிருஷ்ணன் சாலையாகிவிட்ட எட்வர்டு எலியட்ஸ் சாலையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், 1950 தொடங்கி 1996இல் மறையும் வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் தொடர்ந்து எழுதிய பத்தியில், காக்கையையும் குயிலையும் ஆந்தையையும் போன்ற பழகிய உயிர்களை நுணுக்கமாக விவரித்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் பின்னாளில் மழைக்காலமும் குயிலோசையும் என்னும் நூலாகத் தொகுத்தார். அரியதைத் துரத்துவதற்கும் அன்றாடத்தைக் கூர்ந்து காண்பதற்கும் இடையே சென்னை நோக்கர்களிடம் ஒரு சமநிலை உருவானதென்றால், அதில் கிருஷ்ணனின் எழுத்துக்குப் பங்குண்டு.

1978இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இந்த மாற்றத்துக்கு அமைப்பு வடிவம் தந்தது. அதன் பிளாக்பக் என்னும் இதழில், உறுப்பினர்கள் அடையாற்றுக் கழிமுகத்திலும் கிண்டியிலும் பிரம்மஞான சபையின் வளாகத்திலும் கண்டவை நாள்வாரியாக வெளியாயின. 1970களின் இறுதியிலிருந்து கழிமுகத்தைத் தொடர்ந்து கவனித்துவந்த வே. சாந்தாராம் போன்றோர், அரிய வருகையாளர்களை மட்டுமன்றி, கொசு உள்ளான் எந்த மாதத்தில் எவ்வளவு, பவளக்காலி எப்போது வந்தது, எப்போது போனது என்பதையும் எழுதிவைத்தார்கள். இன்று திரும்பிப் பார்க்கையில், அவர்களின் உழைப்பில் மிகவும் பயன்பட்டது இந்த இரண்டாம் வகைப் பதிவுதான்.

கழிமுகத்தில் உள்ளான் தேடுவது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த இடத்தின் இயல்பையும் அறிய வேண்டும். இங்கிலாந்தின் கழிமுகங்களில் கடல்மட்டம் ஒரே நாளில் பல மீட்டர் ஏறி இறங்குவதால், ஓத அட்டவணையைப் பார்த்து நோக்கர் தம் நேரத்தை வகுத்துக்கொள்வார். சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே என்பதால், சேற்றுத்திட்டு வெளிப்படுவது ஓதத்தை மட்டும் சார்ந்ததன்று. ஆற்றின் வாய் திறந்திருக்கிறதா என்பதே முதற்கேள்வி. ஆண்டின் பெரும்பகுதி கரையோர நீரோட்டம் மணலை வடக்கு நோக்கித் தள்ளிச்செல்கிறது; சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அதைத் தடுத்ததால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது போலவே, வெள்ளம் வடிந்த மாதங்களில் அடையாற்றின் வாயிலும் மணல் திட்டு எழுந்து அடைத்துவிடுகிறது. வாய் அடைபட்டால் கழிவுநீர் கலந்த ஆற்று நீர் தேங்கிச் சேறு முழுகிவிடும், உள்ளான்கள் வேறிடம் தேடிச் சென்றுவிடும். வாய் திறந்து நீர் வடிந்த காலைகளில் மட்டும் பளபளக்கும் கருஞ்சேறு விரிய, கொசு உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்துவதும், உப்புக்கொத்திகள் சில அடி ஓடி நின்று, மீண்டும் ஓடி நின்று கொத்துவதும், நீண்ட அலகுடைய மூக்கன்கள் அலகை அடிவரை செருகித் துழாவுவதும் தெரியும். இனம் காண நிறத்தைவிட இந்த உண்ணும் முறையே முதலில் உதவுகிறது.

மீனவர்கள் கடந்து செல்வதற்காக 1967இல் கட்டப்பட்டு, 1977இல் இடிந்துபோய், இன்றும் உடைந்த பாலம் என்றே அழைக்கப்படும் பாலத்தின் பக்கமும், தெற்கே ஊரூர் குப்பத்தின் மணலும், மேற்கே திரு.வி.க. பாலமும் நோக்கர்கள் நிற்கும் இடங்கள். 1882இல் பிரம்மஞான சபை வாங்கிய தோட்டம் தென்கரையில் மரங்களோடு நின்றதால் அந்தப் பக்கம் கட்டடங்களிலிருந்து தப்பியது. வடகரையில் குடியிருப்புகளும், பின்னர் எம்.ஆர்.சி. நகரின் அடுக்குமாடிகளும் எழுந்தன. கிளைக் கழியின் ஒரு பகுதியை மீட்டு 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, சதுப்புத் தாவரங்களுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் ஓரளவு மறுவாழ்வு தந்தது. எனினும் திறந்த சேற்றை நம்பியிருக்கும் உள்ளான்களுக்கு மரம் நட்ட கரையால் பயனில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பட்டியல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி அண்ணா சாலைக்கு மேற்கே பல கிலோமீட்டர் நீண்டிருந்த நெடிய ஏரி, 1923 முதல் தூர்க்கப்பட்டு, தியாகராய நகராகவும் அதைச் சுற்றிய குடியிருப்புகளாகவும் மாறியது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையும் நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் சாலையும் அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அந்த ஏரியில் நடந்த படகுப் போட்டிகள் நகர வரலாற்று நூல்களில் விரிவாகப் பேசப்படுகின்றன. கோடையில் நீர் வற்றிச் சேறு தெரிந்த அதன் ஓரங்களுக்கு வந்த பறவைகளுக்கு அந்நூல்களில் இடம் கிடைக்கவில்லை. பாண்டி பஜார் இருக்கும் நிலப்பகுதியின் பறவை வரலாறு இப்படி அந்த ஏரியோடு மறைந்தது என்பது பெரிய இழப்பு.

கழுவேலி என்று மக்கள் வழக்கில் அழைக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அவ்வாறு மறையாமல் தப்பியதற்குப் பட்டியல்களும் ஒரு காரணம். குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் அதன் பரப்பைக் கடித்துத் தின்றுகொண்டிருந்த காலத்தில், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு நோக்கர்களின் இனவரிசை விடையாயிற்று. 2007இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சர் ஒப்பந்தத்தின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அங்கே வாழும் மயில் உள்ளான் வலசை வருவதன்று, ஆண்டு முழுவதும் இருப்பது. ஆயினும் கோரைப்புல்லுக்குள் அந்தியிலும் விடியலிலும் மட்டும் வெளிப்படுவதால், பலர் ஆண்டுக்கணக்கில் தேடியும் காணாத பறவை அது. அவ்வினத்தில் வண்ணமும் அழகும் பெண்ணுக்கு உரியவை. முட்டையை அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணுவது மங்கிய நிறமுடைய ஆண்.

குறிப்பேட்டிலிருந்து கைப்பேசிக்கு மாறியது அண்மைக்கால நிகழ்வு. 2002இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஈபேர்டு என்னும் உலகப் பொதுப் பதிவேடு இந்தியாவில் பரவிய பிறகு, அரிய பறவையொன்று தென்பட்ட செய்தி அன்றே நகரெங்கும் தெரிந்துவிடுகிறது; சான்றாகச் சுடப்பட்ட உடலின் இடத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டது. இதனால் துரத்துவது எளிதாயிற்று, கூடவே ஓர் ஆபத்தும் வந்தது: ஒரே பறவைக்காகப் பலர் திரண்டு, அதை மட்டும் படம்பிடித்து, அதை மட்டும் பதிந்துவிட்டுத் திரும்பினால், அந்தக் கரையில் அன்று இருந்த மற்றவை எவையும் வரலாற்றில் இடம்பெறா. இதை உணர்ந்தே அந்தப் பதிவேடு ஒவ்வொரு பட்டியலின் முடிவிலும், இனம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று கேட்கிறது. ஆம் என்று விடை தந்த முழுப்பட்டியலில் ஓர் இனம் இல்லாதது அந்த இனம் அங்கே தென்படவில்லை என்பதற்குச் சான்றாகிறது. அரியதை மட்டும் சொல்லும் பட்டியலிலோ இல்லாமை எதையும் நிறுவாது. ஏறத்தாழ 30,000 பறவை நோக்கர்கள் தந்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்ட 2023ஆம் ஆண்டு இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, வலசை வரும் கரைப்பறவைகள் குறைந்துவருவதை எடுத்துக்காட்ட முடிந்தது முழுப்பட்டியல்களால்தான்.

அலகின் நுனி கரண்டியாக அகன்ற, ஒரு சாண் நீளம்கூட இல்லாத கரண்டிமூக்கு உள்ளான், உலகில் சில நூறுகளாகச் சுருங்கிவிட்ட இனம். கோடியக்கரையில் முன்பு பதிவான இப்பறவையைக் காண விரும்புவோர் ஆயிரக்கணக்கான கொசு உள்ளான்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பக்கவாட்டில் பார்க்கும்போது அந்தக் கரண்டி தெரிவதில்லை. தேடியது கிடைக்காமல் போகும் நாளிலும் எண்ணிப்பார்த்த கொசு உள்ளான்களின் கணக்கு கையில் இருக்கும். அதை எழுதாமல் விடுவதுதான் வீண்.

எழுதிவைத்ததன் பயன் எதிர்பாராத வகையில் வெளிப்படுவதும் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கரையோரத்திலேயே தங்கி இனப்பெருக்கம் செய்யும் ஒரு வகைச் சிறு உப்புக்கொத்தி, 1915இல் துணையினமாகப் பெயரிடப்பட்டு, நெடுங்காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் பகுதியாகவே எண்ணப்பட்டது. மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2023இல் அது தனியினம் என நிறுவப்பட்டு, ராமர் பாலத்தை நினைவூட்டும் வகையில் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் பெற்றது. வடக்கிலிருந்து வரும் உறவினத்தைவிடச் சற்றே சிறிய உடலும் கருஞ்சாம்பல் கால்களும் கொண்டது அது. நாள், மாதம், கூடு, குஞ்சு, காலின் நிறம் என்று அன்றே குறித்துவைத்தவர்கள் தங்கள் பழைய பதிவுகளை இன்று மீண்டும் புரட்டி, கோடையில் கண்டது எந்த இனம் என்று தீர்மானிக்க முடிகிறது. பெயருக்கு நேரே ஒரு குறி மட்டும் இட்டவர்களால் அது இயலாது.

அடையாற்றுக் கழிமுகத்தின் கரைப்பறவைக் கூட்டங்கள் 1980களின் குறிப்புகளோடு ஒப்பிட இன்று வெகுவாகச் சிறுத்துவிட்டன. அக்குறிப்புகள் இல்லையென்றால் இந்தச் சரிவே தெரிந்திராது, இன்றிருப்பதே என்றும் இருந்தது என்று அடுத்த தலைமுறை எண்ணியிருக்கும். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, வலசை வந்த உள்ளான்கள் இங்கே தங்கியிருக்கும் காலத்திலேயே வருகிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டவை அனைத்தையும் எண்ணிப் பதிவதே அதில் பங்கேற்போருக்கு உள்ள வேலை. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் வாழ்வோர் வரும் பொங்கலன்று காலையில் உடைந்த பாலத்தின் பக்கமோ திரு.வி.க. பாலத்தின் நடைபாதையிலோ நின்று, பெயர் தெரிந்த ஒவ்வொரு பறவையையும், காக்கை உட்பட, எண்ணிக்கையோடு எழுதி அனுப்ப வேண்டும்.